‘காம்ப்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது?

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இரண்டு ஆங்கிலச் சொற்களை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்று காம்ப், மற்றது கம்பஸ். ‘பெடியனுக்குக் கம்பஸ் கிடைச்சிட்டுது’ என்றால் வீட்டில் சந்தோசம். ‘பெடியனைக் காம்புக்குக் கொண்டு போட்டாங்கள்’ என்றால் அன்று அந்த வீட்டில் அடுப்பு எரியாது. இரண்டும் ஒரே சொல்லின் பிள்ளைகள் என்று அறிந்தபோது எனக்குத் திகைப்பாகத்தான் இருந்தது.

தாய்ச்சொல் லத்தீனில் இருக்கிறது. அதன் பொருள் வெளி, சமதரை, வயல். பழைய ரோம் நகர மதிலுக்கு வெளியே போர்த் தெய்வமான மார்ஸின் பெயரில் ஒரு பெரிய வெளி இருந்தது. படைப்பயிற்சி அங்கேதான் நடந்தது. படை வெளியில் தங்கும், வெளியில் மோதும். அப்படியே வெளியைக் குறித்த சொல் படை தங்கும் இடத்துக்கும் சண்டைக்கும் பெயராகிவிட்டது. சாம்பியன் என்பவனும் முதலில் அந்த வெளியில் இறங்கிப் பொருதியவன்தான். 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது காம்ப் என்றால் படைமுகாம்.

கம்பஸ் வந்த வழி வேறு. 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் கல்லூரி வெளிக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். எங்கள் பல்கலைக்கழகமும் 1974இல் தொடங்கியபோது இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகமாகத்தான் இருந்தது. 1979இல் தனிப் பல்கலைக்கழகமாகியும் சனம் பழைய பேரை விடவில்லை.

ஆனால் பொதுமக்களைக் கம்பிக்குள் வைக்கும் இடத்துக்கு இந்தச் சொல் எப்படிப் போனது? தென்னாபிரிக்காவில் 1899 முதல் 1902 வரை நடந்த போயர் யுத்தத்தில் பிரித்தானியப் படை பண்ணைகளை எரித்து, பெண்களையும் பிள்ளைகளையும் முகாம்களில் அடைத்தது. அவற்றை அகதி முகாம்கள் என்றே அதிகாரிகள் அழைத்தார்கள். எமிலி ஹொப்ஹவுஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி நேரில் பார்த்து 1901இல் எழுதிய பிறகுதான் லண்டன் அதிர்ந்தது. 26,000க்கும் மேற்பட்டோர் பசியாலும் நோயாலும் இறந்தார்கள். பெரும்பாலானோர் சிறுவர்கள். கறுப்பின மக்களுக்கு வேறு முகாம்கள் இருந்தன. அங்கு இறந்தவர்களை ஒழுங்காக எண்ணக்கூட இல்லை.

அந்த யுத்தத்தில் பிடிபட்ட போயர் போராளிகளில் சுமார் 5,000 பேர் கப்பலில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலானோரை வைத்திருந்த இடம் தியத்தலாவை. யுத்தம் முடிந்து கைதிகள் ஊர் திரும்பினார்கள். தியத்தலாவை இன்றும் இராணுவத்தின் இடம்.

பெயர் வைப்பதில் எங்கள் அரசும் குறைவைக்கவில்லை. 2009இல் வன்னியிலிருந்து வந்த இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோரை முள்வேலிக்குள் வைத்த மெனிக் பாம், அரசாங்கத் தாள்களில் ‘நலன்புரிக் கிராமம்’. அதன் பகுதிகளுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி, கதிர்காமர் என்று தமிழ்ப் பெரியவர்களின் பெயர்கள் வேறு. 2012 செப்டெம்பரில்தான் அது மூடப்பட்டது.

நாங்கள் தமிழென்று நினைக்கும் முகாமும் அரபுச் சொல்தான். நிற்கும் இடம் என்று பொருள். படைக்கும் அகதிக்கும் அந்த ஒரே சொல்லைத்தான் நாங்களும் வைத்திருக்கிறோம். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பிய சனம் மல்லாகம் கோணப்புலத்தில் பல வருடங்கள் இருந்தது. எங்கே இருக்கிறீர்கள் என்றால் ‘காம்பிலை’ என்பார்கள். வெங்காயமும் மிளகாயும் விளைந்த செம்மண் தோட்டம் எங்கே என்றால் அதற்கும் பதில் ‘காம்புக்குள்ளை’தான்.