தலைப்பாகைக்கும் மூளைக்கும் என்ன தொடர்பு?

சாமித்தோப்புப் பதி என்ற அய்யாவழி வழிபாட்டுத் தலத்தில் ஆண்கள் தலைப்பாகை கட்டி, கண்ணாடி முன் நின்று வணங்குகிறார்கள். மேலாடைக்கும் தலைப்பாகைக்கும் சாதி பார்த்த தென்திருவிதாங்கூரில் அய்யா வைகுண்டர் (1809–1851) கொண்டுவந்த முறை அது. நாடார் பெண்கள் மேலாடை அணிய அரசாணை வந்ததோ அவர் மறைந்து எட்டாண்டு கழித்து, 1859 ஜூலை 26-இல்.

தலைப்பாகை தரும் தலைநிமிர்வு ஏன் அவ்வளவு முக்கியம்? சாதி இழிசொல் கேட்ட குழந்தையின் மூளையில் அமிக்டலா என்ற பகுதி ஆபத்து என்று எச்சரிக்க, அட்ரினல் சுரப்பி கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனைச் சுரக்கிறது. நாய் துரத்தினால் ஓடித் தப்பியதும் கார்டிசால் இறங்கிவிடும். அவமானமோ எப்போது, யாரிடமிருந்து வரும் என்று தெரியாது. அதனால் உடல் காவலை விடுவதில்லை. தூக்கம் கெடுகிறது, கவனம் சிதறுகிறது. ‘என்னிடம்தான் குறை’ என்று குழந்தை நம்பத் தொடங்கினால் மனச்சோர்வு. ஆசிரியர் கண்ணுக்கு இது ‘மந்தம்’, அல்லது ‘திமிர்’!

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசத்தில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்களுக்கு வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். சாதி வெளிப்படாதவரை தலித் சிறுவர்கள் மற்றவர்களுக்கு இணையாக விடுவித்தார்கள். எல்லோர் முன்னும் சாதியை அறிவித்ததும் பின்தங்கினார்கள். சிறுவர்களும் அதே மாதிரி, புதிரும் அதே புதிர்.

குடும்பம் ஊட்டும் பெருமிதம் இந்தக் காயத்தைக் கொஞ்சம் தணிக்கும் என்று அமெரிக்கக் கறுப்பினக் குழந்தைகளிடம் நடந்த பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் பாரத்தைப் பிள்ளை தலையிலேயே வைப்பது நியாயமா? பள்ளியும் மாற வேண்டும். நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரைச் சக மாணவர்கள் வெட்டிய தாக்குதலுக்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, வருகைப்பதிவேட்டில் சாதி விவரமே இருக்கக்கூடாது என்று 2024-இல் பரிந்துரைத்தது.