கோடை இடிமழையும் கமக்காரரும்

மட்டக்களப்பு வாவிப் பிரதேச நெல், காய்கறிச் செய்கையாளருக்குரிய குறிப்புகள்

வாவியின் மேற்கே விரிந்து கிடக்கும் படுவான்கரை வயல்களிற் சிறுபோக நெல் முற்றி அறுவடையாகும் காலம் ஆடி, ஆவணி மாதங்களாகும். காலையில் வானம் தெளிந்திருக்கும். நண்பகலில் வெயில் எரிக்கும். பிற்பகல் மூன்று மணியளவில் மேற்கே மலைப்பக்கம் கருமுகில் எழும். அறுத்த கதிர் வயலிலும் அடித்த நெல் களவெட்டியிலும் கிடக்கும். அவ்வேளையில் முதல் இடி கேட்டால் கமக்காரர் செய்வது யாது? பெரும்பாலோர் படங்கை எடுத்துக்கொண்டு நெல்லை மூடவே ஓடுவர். மின்னல் தாக்குவதற்கு ஏற்ற வேளையும் இடமும் அதுவே.

நனைந்த நெல்லை மறுநாள் உலர்த்தலாம். சிறிது நிறம் மங்கினாலும் விலை சற்றுக் குறையுமேயன்றி முழுவதும் நட்டமாகாது. வேளாண்மை செய்தவர் மாண்டால் அக்குடும்பத்தின் நட்டத்தை எப்போகமும் ஈடுசெய்யாது. ஆதலால் இங்கே வற்புறுத்தப்படுவது ஒன்றே: விளைபொருளைக் காக்கும் வேலை இடி கேட்குமுன் முடிதல் வேண்டும், இடி கேட்டபின் காக்கவேண்டியது உயிரே.

இடிமழை உண்டாகும் விதம்

மே மாதம் தொடக்கம் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காற்று தன் மழையின் பெரும்பகுதியை மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளிற் பொழிந்துவிடுகிறது. பின்னர் மலையைக் கடந்து கிழக்கே கீழிறங்கும்போது அமுக்கமுற்று வெப்பமடைந்து வறள்கிறது. மட்டக்களப்பில் கச்சான் எனப்படுவது இக்காற்றே. கச்சான் வலுத்து வீசும் நாட்களில் அது கடற்காற்றைக் கரையிலேயே தடுத்துவிடும். அந்நாட்களில் வெக்கை மிகும், மழை அரிது.

கச்சான் தளரும் நாட்களில் நிலைமை மாறுகிறது. காலை வெயிலிற் சமவெளி சூடேற, நண்பகலுக்குப் பின் ஈரம் மிகுந்த கடற்காற்று வாவியைக் கடந்து உட்புகுகிறது. மேற்கிலிருந்து வரும் காற்றும் கிழக்கிலிருந்து வரும் காற்றும் எதிர்ப்படும் இடத்தில் ஈரக்காற்று மேலெழுந்து, குளிர்ந்து, முகிலாகிறது. அம்முகில் பத்துக் கிலோமீற்றருக்கு மேற்பட்ட உயரத்திற்கும் வளர்வதுண்டு. அதனுள்ளே பனிக்கட்டித் துணுக்குகள் ஒன்றோடொன்று மோதுவதனால் மின்னேற்றம் உண்டாகிறது. அது மிகும்போது முகிலுக்குள்ளேயோ, முகிலிலிருந்து நிலத்துக்கோ பாய்வது மின்னல். மின்னல் செல்லும் வழியிலுள்ள காற்று ஏறத்தாழ 30,000 பாகை செல்சியசு வரை சூடாகித் திடீரென விரிவதனால் எழும் ஓசை இடி.

மலைச்சரிவுகள் காற்றை மேலே உந்துவதனால் ஊவா மலைகளின் மேலும், பிபிலை, மகாஓயாப் பக்கங்களிலும் முகில் முதலில் திரள்வது வழக்கம். மேற்காற்று அதனைக் கிழக்கே தள்ளப் பொழுது சாயும் வேளையிலோ முன்னிரவிலோ படுவான்கரைக்கும் எழுவான்கரைக்கும் இடிமழை வந்துசேரும். மலைப்பக்கத்தில் முழங்கும் இடி தொலைவிலுள்ளதாயினும் அதனைப் புறக்கணித்தலாகாது. அங்கு பெய்யும் கடுமழையினால் வறண்டு கிடந்த ஆற்றிலும் ஓடையிலும் வெள்ளம் சடுதியாக வரக்கூடும். மேற்கே முகில் கறுத்திருக்கும்போது ஆற்று மணலில் மாடு கட்டுதலும் ஆற்றைக் கால்நடையாகக் கடத்தலும் தகா.

காலமும் நேரமும்

இரு பருவப்பெயர்ச்சிகளுக்கும் இடைப்பட்ட மார்ச், ஏப்ரில் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இலங்கையில் இடியும் மின்னலும் மிகுதி. முதலாவது சிறுபோக நிலம் பண்படுத்தும் காலத்தோடும், இரண்டாவது பெரும்போக விதைப்போடும் பொருந்துகின்றன. இவற்றோடு கிழக்கு, ஊவா மாகாணங்களுக்கு மே முதல் செப்டெம்பர் வரை மாலை இடிமழையும் உண்டு. ஆகவே உழவு, விதைப்பு, அறுவடை ஆகிய மூன்றும் இடிக்காலத்திலேயே நிகழ்கின்றன.

மாதங்கள் பலவாயினும் நேரம் பெரும்பாலும் ஒன்றே: பிற்பகல் இரண்டு மணிக்குப் பின்னர். எழுவான்கரையில் வாழ்ந்து படுவான்கரையில் வயல் செய்வோர் பலர். அவர்கள் வேலை முடித்துப் பாலத்தாலோ, பாதையாலோ, தோணியாலோ வாவியைக் கடந்து வீடு திரும்பும் நேரமும் இதுவே. வாவியின் நடுவே தோணியில் நிற்பவரே அவ்விடத்தில் மிக உயர்ந்த பொருள் என்பதை மறத்தலாகாது.

வயலில் ஆபத்து மிகுவது ஏன்

மின்னல் பொதுவாக உயர்ந்து நிற்பதை நாடும். வயல்வெளியில் மனிதனினும் உயர்ந்தது தனி மரமும் பரணும் மின்கம்பமுமே. மின்னல் நான்கு வழிகளிற் கேடு செய்யும். முதலாவது, நேரே தாக்குதல். இரண்டாவது, மரத்தில் விழுந்து அதன் கீழ் நிற்பவர்மேற் பாய்தல். மூன்றாவது, விழுந்த இடத்திலிருந்து நிலத்தின் வழியே பரவி, ஒரு காலால் ஏறி மறு காலால் இறங்குதல். நாலாவது, கம்பி வேலி, குழாய், மின்கம்பி வழியாக நெடுந்தூரம் சென்று தாக்குதல். ஒரு மரத்தடியில் ஒதுங்கிய பல மாடுகள் ஒரே இடியில் மடிவதற்கு மூன்றாவது வழியே பெருங்காரணம். மாட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம்.

நெல் விளையும் அயல்நாடுகளிலும் இக்கேடு சிறிதன்று. இந்தியாவில் 2019 முதல் 2022 வரை ஒவ்வோராண்டும் 2,800 பேருக்கு மேற்பட்டோர் மின்னலால் உயிரிழந்ததாக அந்நாட்டுத் தேசியக் குற்றப் பதிவுப் பணியகத்தின் கணக்குகள் காட்டுகின்றன. பங்களாதேசம் 2016 ஆம் ஆண்டில் மின்னலை இயற்கை அனர்த்தங்களுள் ஒன்றாக அறிவித்தது. வெளிகளில் உயர்ந்த மரம் வேண்டுமென்று அங்கே பனை நடும் திட்டமும் தொடங்கப்பட்டது. ஆயினும் பனை உயர்ந்து வளரப் பல்லாண்டு செல்லும். உயர்ந்த பின்னும் அது மின்னலைத் தன்மேல் வாங்கும் மரமேயன்றி அடியில் நிற்பவரைக் காக்கும் மரமன்று.

தவறான நம்பிக்கைகள்

மழை தொடங்கினாலன்றி மின்னல் தாக்காது என்பது தவறு. மழை பெய்யும் இடத்திலிருந்து பத்துக் கிலோமீற்றருக்கு அப்பாலும் மின்னல் விழுவதுண்டு. செருப்பின் இறப்பர் காக்கும் என்பதும் தவறு. முகிலிலிருந்து பல கிலோமீற்றர் காற்றைக் கிழித்து வரும் மின்னலுக்கு அரை அங்குல இறப்பர் தடையாகாது. ஒருமுறை விழுந்த இடத்தில் மறுமுறை விழாது என்பதும் பொய். கைத்தொலைபேசி மின்னலை இழுக்கும் என்பதற்கு ஆதாரமில்லை. ஆயின் மின்னேற்றுவதற்காகச் சுவரில் மாட்டிய தொலைபேசியைக் கையிலெடுத்தல் ஆபத்தே. இடி முழங்கும்போது அர்ச்சுனன் பெயரைச் சொல்லுதல் முன்னோர் வழக்கம். அதனைச் சொல்லலாம், சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் விரைதல் வேண்டும்.

நாள் வேலையை ஒழுங்கு செய்தல்

1. இடிக்காலத்தில் வயல் வேலையை விடியற் காலையிலே தொடங்கி, பிற்பகல் ஒரு மணிக்குள் முடிக்க முயலுதல் வேண்டும். கூலியாட்களையும் அவ்வாறே அமர்த்தல் நன்று.

2. ஒரு நாளில் அடித்து அப்புறப்படுத்தக்கூடிய அளவு நெல்லையே அன்று அறுத்தல் வேண்டும். அறுவடை இயந்திரத்தை வாடகைக்கு அமர்த்துவோர் முற்பகல் முறையைக் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

3. உலரப் போட்ட நெல்லை இரண்டு மணிக்குமுன் குவித்துப் படங்கினால் மூடி, ஓரங்களுக்குப் பாரம் வைத்துவிடுதல் வேண்டும். வானம் தெளிவாயிருப்பினும் இதனை நாள்தோறும் செய்க. இப்பழக்கம் ஒன்றே இடி கேட்டபின் ஓடவேண்டிய தேவையை நீக்கும்.

4. நெற்குவியலைத் தனி மரத்தடியிலும் கம்பி வேலியருகிலும் அமைத்தலாகாது.

5. வளிமண்டலவியல் திணைக்களம் கடும் மின்னல் பற்றிய எச்சரிக்கைகளைத் தமிழிலும் வெளியிடுகிறது. வானொலியிலோ தொலைபேசியிலோ அவற்றைக் கேட்டறிந்து அயலவருக்கும் அறிவித்தல் கடமை.

இடி கேட்டவுடன்

1. மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குக. இடி கேட்கும் வரையுள்ள செக்கன்களை மூன்றால் வகுத்தால் மின்னல் எத்தனை கிலோமீற்றர் தொலைவிலென்பது தெரியும். 30 செக்கனுக்குள் இடி கேட்டால் அது பத்துக் கிலோமீற்றருக்குள் உள்ளது. உடனே வெளியை விட்டு நீங்குதல் வேண்டும்.

2. கல்லாற் கட்டி, மின்னிணைப்புப் பெற்ற வீடு, பாடசாலை போன்ற கட்டடங்களும், கூரையும் கதவும் மூடிய பஸ், வான் முதலிய வாகனங்களும் பாதுகாப்பானவை. ஓலை வாடியும், நான்கு பக்கமும் திறந்த கொட்டிலும், உழவு இயந்திரத்தின் திறந்த ஆசனமும் பாதுகாப்பானவையல்ல.

3. யானைக் காவலுக்காக மரத்திலோ உயர்ந்த கம்புகளிலோ அமைத்த பரணில் இருப்போர் உடனே இறங்கி அகலுதல் வேண்டும். யானை மின்வேலியையும் முட்கம்பி வேலியையும் அணுகலாகாது.

4. மண்வெட்டி, இரும்புக் குழாய், குடை ஆகியவற்றைத் தோளில் உயர்த்திச் செல்லலாகாது. நீர் நிற்கும் வயலையும் குளத்தையும் விட்டு நீங்குக. தோணியிலிருப்போர் கிட்டிய கரையை அடைக.

5. ஒதுங்க இடமே இல்லையாயின் பலர் ஒன்றுகூடி நில்லாது, ஒருவருக்கொருவர் ஐம்பது அடிக்குக் குறையாத இடைவெளி விட்டுப் பிரிதல் வேண்டும். தாழ்ந்த இடத்தில் இரு பாதங்களையும் சேர்த்துக் குந்தித் தலையைக் குனிந்து காதுகளைப் பொத்துக. நிலத்திற் படுக்கலாகாது. இது ஆபத்தைக் குறைக்குமேயன்றி நீக்காது.

6. வீட்டுக்குள் வந்தபின் மின்சாதனங்களையும் நீர்க்குழாயையும் தொடலாகாது. மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பது போல மழை விட்ட பின்னரும் மின்னல் தொடரும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்தபின்பே வெளிச்செல்லுதல் வேண்டும்.

காய்கறித் தோட்டங்கள்

களுதாவளை, தேற்றாத்தீவு முதலிய எழுவான்கரைக் கிராமங்களிற் காய்கறிச் செய்கை மாலையிலும் நடைபெறுவதனால் அங்கு தனிக் கவனம் வேண்டும். பாகல், புடோல் ஆகியவற்றின் பந்தலுக்குக் கட்டிய கம்பி மின்னலைத் தோட்டம் முழுவதும் கொண்டுசெல்லும். இடி கேட்கும்போது பந்தலின் கீழ் காய் பறித்தலாகாது. நீரிறைக்கும் மின்மோட்டரின் இணைப்பை இடிக்குமுன்பே கழற்றிவிடுக. இடித்துக் கொண்டிருக்கையில் அதனைக் கழற்றப் போகலாகாது. மாலையில் மழைக்குறி தென்படின் யூரியா இடுதலையும் மருந்து தெளித்தலையும் மறுநாட் காலைக்கு ஒத்திவைத்தல் வேண்டும்.

தாக்குண்டவருக்கு உதவி

மின்னல் தாக்கியவரின் உடலில் மின்சாரம் தங்கியிராது. அவரைத் தொட அஞ்சவேண்டியதில்லை. பலர் சாவதற்குக் காரணம் இதயமும் மூச்சும் நின்றுபோதலே. உடனே நெஞ்சை அழுத்திச் செயற்கைச் சுவாசம் அளித்தால் மீள்வோர் உண்டு. பலர் ஒருங்கே தாக்கப்பட்டால் முனகுபவரைப் பின்னரும், அசைவற்றுக் கிடப்பவரை முன்னரும் கவனித்தல் வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சு வண்டியைப் பெறலாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. உணர்வு மீண்டவரையும் வைத்தியசாலையிற் காட்டுதல் அவசியம்.

மழைக்குப் பின் பயிர்

இடிமழைக்குப் பின் பயிர் பசுமை பெறுதல் உண்மையே. மின்னல் காற்றிலுள்ள நைதரசனின் ஒரு சிறு பங்கைப் பயிர் கொள்ளத்தக்க உப்பாக மாற்றி மழையோடு இறக்குகிறது. ஆயினும் அதன் அளவு மிகக் குறைவாதலால் அதனை நம்பி மேலுரத்தைக் குறைத்தல் கூடாது.

சாய்ந்த நெல் முற்றியதாயின் வயல் நீரை வடித்து விரைந்து அறுத்தல் வேண்டும். தாமதித்தால் கதிரிலேயே முளைக்கும். நனைந்த நெல்லைக் குவித்து வையாது மெல்லியதாய்ப் பரப்பிக் கிளறி உலர்த்துக. பெருங்காற்றில் இலைகள் உராய்ந்து காயமுற்ற இளம் பயிரில் பற்றீரியா இலைக் கருகல் பரவக்கூடும். அந்நிலையில் யூரியாவை மிகையாக இடலாகாது. மிளகாய், கத்தரிப் பாத்திகளில் நீர் தேங்காது வடிகாலை வெட்டி, சாய்ந்த செடிகளை நிமிர்த்தி மண் அணைத்தல் வேண்டும். ஐயம் உளதாயின் அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கலந்தாலோசிக்கலாம்.

இவை யாவும் மறுநாட் காலையிற் செய்யும் வேலைகள். இடி முழங்கும் மாலையில் கமக்காரருக்கு வயலில் வேலை இல்லை. நெல்லை நேரத்தோடு மூடி, ஆட்களை நேரத்தோடு அனுப்பி, தாமும் நேரத்தோடு வீடு சேர்பவரே போகத்தை முழுமையாகக் கண்டவராவர்.