சேர்க்கை பலவிதம்

1632-ஆம் வருஷத்தில் லண்டன் மாநகரத்துத் தச்சர் சங்கத்தாருக்கும், 'ஜாயினர்' என்று பெயர் பெற்ற மற்றொரு மரவேலைக்காரர் சங்கத்தாருக்கும் தொழில் உரிமை பற்றிப் பெரிய வியாஜ்யம் மூண்டு, அதை நகரசபையின் மூத்த அங்கத்தினர்கள் விசாரித்துத் தீர்க்கும்படி நேர்ந்தது. ஆணி அடித்துச் சேர்க்கும் சாமான்கள் தச்சருக்கு. பலகையின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி மற்றொரு பலகையின் துளையில் செருகியோ, புறாவின் வாலைப் போல் விரிந்த பற்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்தோ, வஜ்ரம் தடவி ஒட்டியோ செய்பவை ஜாயினருக்கு. இப்படிப் பங்கு பிரித்துவிட்டார்கள்.

மரத்தை மரத்தோடு பொருத்துவதிலேயே இத்தனை பேதம் பாராட்டிய ஜனங்களின் பாஷையில், சேர்த்தலைக் குறிக்கும் வினைகள் டஜன் கணக்கில் இருப்பதில் ஆச்சரியமில்லை. நம் பள்ளிப் பிள்ளைகள் கையாளும் சிறு அகராதிகள் அவ்வளவுக்கும் 'சேர்', 'இணை' என்ற இரண்டே பதங்களை மாற்றி மாற்றிப் போட்டுவிடுவதால், எதை எங்கே பிரயோகிப்பது என்று தெரியாமல் மாணவர்கள் திண்டாடுகிறார்கள். அந்த வினைகளில் பல ஏதோ ஒரு தொழிற்சாலையிலோ, துறைமுகத்திலோ, நீதிஸ்தலத்திலோ பழகிப் பொருள் தேறியவை. ஆகவே சேர்ந்த பொருள்கள் சேர்ந்தபின் என்ன ஆகின்றன, மறுபடி அவற்றைப் பிரிக்க முடியுமா என்று விசாரித்தால், பெரும்பாலும் சரியான சொல் தானே அகப்பட்டுவிடும் என்பது என் அபிப்பிராயம்.

எல்லாவற்றிலும் பொதுவானது 'ஜாயின்'. லத்தீனில் பிறந்து, பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்கு வந்து குடியேறியது இது. ஏரில் மாடு பூட்டும் நுகத்தடிக்கு ஆங்கிலேயர் ஆதி முதலே வழங்கிவந்த 'யோக்' என்ற சொல்லும், சம்ஸ்கிருதத்து யுகம், யோகம் என்ற பதங்களும் இதற்குத் தாயாதிகள். கை கோப்பதும், சங்கத்தில் அங்கத்தினராவதும், இரண்டு பாதைகள் கூடுவதும் எல்லாம் இதனுள் அடங்கும்.

உலோக வேலைக்கு வந்தால் அர்த்தம் கூர்மையாகிறது. பாத்திரம் அடைப்பவர் ஓட்டை விழுந்த இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, சூடேற்றி, ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசை அங்கே உருக்கி விடுகிறாரே, அது 'சோல்டர்'. அதில் பாத்திரத்தின் உலோகம் உருகுவதே இல்லை, இடையில் நின்று இரண்டையும் பிடித்துக்கொள்வது மூன்றாவதான பற்றாசுதான். மறுபடி சூடு காட்டினால் பிடி விட்டுவிடும். கொல்லன் இரண்டு இரும்பு முனைகளை வெண்மை கண்கூசும்வரை உலையில் காய்ச்சி, பட்டடையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஓங்கி அடித்து ஒரே இரும்பாக்கிவிடுவதோ 'வெல்ட்'. கொதிப்பதையும் உருகுவதையும் சொன்ன ஒரு பழைய ஆங்கில வினை திரிந்து உண்டானது அது. அங்கே மூன்றாமவர் யாரும் வேண்டுவதில்லை. மத்தியஸ்தர் இல்லாமல் நடந்த சமாதானம் என்று வைத்துக்கொள்ளலாம்.

'மிக்ஸ்' என்பது சிமெண்டையும் மணலையும் கலப்பது போன்ற சாமானியமான கலப்பு. பல தோட்டத்துத் தேயிலைகளை ருசி பார்த்து, வருஷா வருஷம் வாசனை மாறாதபடி அளவறிந்து கூட்டும் வியாபாரி தன் வேலையை 'பிளெண்ட்' என்றுதான் சொல்லுவார்.

நீதிஸ்தலத்தின் சொல் 'மெர்ஜ்'. லத்தீனில் அதற்கு நீரில் மூழ்குதல் என்று பொருள். குத்தகை நிலத்தில் குடியிருப்பவர் அந்த நிலத்தையே கிரயம் வாங்கிக்கொண்டால், சிறிய உரிமையாகிய குத்தகை பெரிய உரிமையாகிய சொத்துரிமையில் மூழ்கி மறைந்துவிடுகிறது என்று ஆங்கிலச் சட்டத்தில் சொல்வார்கள். கம்பெனிகள் ஒன்றாகும்போதும் பல சமயம் ஒன்றின் பெயர் இப்படித்தான் காணாமல் போகிறது. 1707-இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒரே ராஜ்யமானதற்கு இட்ட பெயர் 'யூனியன்'. பார்லிமெண்டு ஒன்றாயிற்றே தவிர, ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்கள் சட்டத்தையும், நியாயஸ்தலங்களையும், திருச்சபையையும் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டிரண்டாகச் சேர்ப்பது என்ற சாதுவான பொருளோடு பிறந்த 'கம்பைன்' என்ற சொல்லுக்கோ ஒரு காலத்தில் போலீஸ் பயமே இருந்தது: கூலி உயர்வு கேட்பதற்குத் தொழிலாளர்கள் கூடுவதைக் 'காம்பினேஷன்' என்று குறிப்பிட்டு, 1799-லும் 1800-லும் சட்டம் போட்டுத் தடுத்தார்கள், 1824-இல்தான் அச்சட்டங்கள் ரத்தாயின.

கப்பற்காரருடைய வார்த்தை 'ஸ்பிளைஸ்'. இரண்டு வடங்களின் நுனிகளைப் பிரித்து, ஒன்றின் புரிகளை மற்றொன்றின் புரிகளுக்கிடையே மேலும் கீழுமாக நுழைத்து முறுக்கிவிடுவார்கள். முடிச்சுப் போட்டால் கப்பியில் சிக்கிக்கொள்ளும், இதுவோ கொஞ்சம் பருத்த வடமாகத் தங்குதடையின்றி ஓடும். சினிமாப் படச்சுருளை வெட்டி ஒட்டுகிறவர்களும் பிற்பாடு இந்த வார்த்தையையே எடுத்துக்கொண்டார்கள்.

கடலைச் சொன்ன பிறகு, ஆங்கிலேயர் நம்மிடம் வாங்கிய ஒரு சேர்க்கைச் சொல்லையும் விட்டுவிடுவதற்கில்லை. வில்லியம் டாம்பியர் என்ற மாலுமி 1697-இல் வெளியிட்ட தமது யாத்திரைப் புத்தகத்தில், சோழமண்டலக் கரையில் மரங்களைப் பிணைத்துச் செய்யும் மிதவைக்கு வழங்கிய 'கட்டுமரம்' என்ற பெயரை எழுதிவைத்தார். 1876-இல் நத்தானியல் ஹெரஷாப் என்ற அமெரிக்கர், இரண்டு ஒடுங்கிய படகுடல்களைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்து ஒரு பாய்மரப் படகு கட்டி நியூயார்க்கில் பந்தயத்துக்கு விட்டார். அது மற்றவற்றை வெகுதூரம் பின்னால் விட்டுவிடவே, தோற்றவர்கள் ஆட்சேபித்தார்கள். அந்தப் படகு போட்டிக்குத் தகுதியற்றதென்று தள்ளப்பட்டது. இரட்டை உடல் கொண்ட அவ்விதப் படகுகளுக்கே ஆங்கிலத்தில் இன்று 'காட்டமரான்' என்று பெயர். கயிற்றுக் கட்டு அவற்றில் பெரும்பாலும் கிடையாது.