கல்லில் இருந்த நகல்

திருவாரூர் மாவட்டத்தில், கொரடாச்சேரிக்கு அருகே, திருவிடைவாய் என்று ஓர் ஊர். இப்போது திருவிடைவாசல் என்கிறார்கள். அந்த ஊர்ச் சிவன்மேல் திருஞானசம்பந்தர் பாடிய பதிகம் ஒன்று எந்த ஏட்டுச் சுவடி வழியாகவும் நமக்கு வந்து சேரவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்வெட்டுத் துறையினர் அந்தக் கோயிலில் படியெடுத்தபோதுதான், முழுப் பதிகமும் கல்லில் வெட்டப்பட்டிருப்பது தெரிந்தது. இன்று தேவாரப் பதிப்புகளில் அது சேர்ந்திருக்கிறது. ஓலையில் போனது கல்லில் கிடைத்தது.

அதே மாவட்டத்து நன்னிலத்தின் கதை வேறு. இங்குள்ள மதுவனேசுவரர் கோயிலைச் சுந்தரர் பாடியிருக்கிறார். அந்தப் பதிகம் ஏடுகள் வழியாகவே பிழைத்தது. கரையானும் ஈரக்காற்றும் உள்ள ஊரில் பனையோலைக்கு ஆயுள் சில நூறு ஆண்டுகள்தான். அது உளுத்துப் போவதற்குள் யாரோ ஒருவர் உட்கார்ந்து இன்னோர் ஓலையில் எழுத்தாணியால் படியெடுத்தார். அடுத்த தலைமுறையில் இன்னொருவர். சுந்தரர் பாடியவை 38,000 பதிகங்கள் என்பது மரபு. ஏழாம் திருமுறையாக நம் கையில் இருப்பவை 100. படியெடுக்க ஆளில்லாமல் போனவை எத்தனையோ.

எழுத்தைக் காக்க இந்த மண் கண்ட வழிகள் இரண்டு. பழையது அழியும் முன்பே புதியதில் எழுதிவிடுவது ஒன்று. வேறு பொருளில், வேறு இடத்தில் இன்னொரு நகல் வைப்பது மற்றொன்று. வீட்டுக் கம்ப்யூட்டரில் இருப்பதைக் காப்பாற்றுவதற்கும் இவைதான் வழிகள்.

நன்னிலம் பக்கத்து வீடு ஒன்றின் கம்ப்யூட்டரில் என்னென்ன இருக்கும்? குழந்தையின் காதுகுத்துப் படங்கள், அக்கா கல்யாண வீடியோ, ஸ்கேன் செய்த பத்திரம், பிள்ளையின் கல்லூரி புராஜெக்ட், காலமாகிவிட்ட தாத்தாவின் குரல். கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருப்பவருக்கு ஊரார் வீட்டு விசேஷங்கள் அத்தனையும் அதில்தான். அரிசி ஆலைக்கு வருஷக் கணக்கு அதில்தான். பட்டா, சிட்டாவை அரசு தளத்திலிருந்து மறுபடி எடுத்துக்கொள்ளலாம். தாத்தாவின் குரலை எங்கிருந்தும் எடுக்க முடியாது. எனவே முதலில் செய்ய வேண்டியது, திரும்பக் கிடைக்காதவை எவை என்று பிரித்துப் பார்ப்பது.

உள்ளே என்ன நடக்கிறது

ஹார்ட் டிஸ்க்குக்குள் காந்தப் பூச்சுள்ள தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழல்கின்றன. அவற்றின்மேல், தொடாமல், சில நானோமீட்டர் இடைவெளியில் ஒரு சிறு முனை மிதந்தபடி படிக்கிறது, எழுதுகிறது. ஒரு தலைமுடியின் தடிமனே பல பத்தாயிரம் நானோமீட்டர். டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போது மேசை அதிர்ந்தாலோ கீழே விழுந்தாலோ முனை தட்டில் உரசிவிடும். உரசிய இடத்தில் காந்தப் பூச்சு பெயர்ந்து போகும். அதிலிருந்த தகவலும் போகும். 'டிக் டிக்' என்று கேட்கும் சத்தம் பெரும்பாலும் முனை தன் இடம் தெரியாமல் திரும்பத் திரும்பத் தேடும் சத்தம்.

திடீரென்று கரண்ட் போனால்? டிஸ்க் செய்தவர்கள் அதையும் யோசித்திருக்கிறார்கள். சுழன்றுகொண்டிருக்கும் தட்டின் வேகமே மோட்டாரை ஒரு சிறு ஜெனரேட்டராக மாற்றி, முனையை ஓரமாக ஒதுங்க வைக்கும் அளவுக்கு மின்சாரம் தந்துவிடும். டிஸ்க் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அந்த நொடியில் பாதி எழுதப்பட்டிருந்த கோப்பு பாதியிலேயே நின்றுவிடும். அது விண்டோஸுக்குத் தேவையான கோப்பாக இருந்தால், அடுத்த முறை கம்ப்யூட்டர் எழுந்திருக்காது.

புதிய லேப்டாப்புகளில் சுழலும் தட்டு இல்லை, எஸ்எஸ்டி இருக்கிறது. கோடிக்கணக்கான நுண்ணறைகளில் எலெக்ட்ரான்களை அடைத்து வைப்பதுதான் அதன் முறை. அதிர்ச்சியை நன்றாகத் தாங்கும். ஆனால் ஒவ்வோர் அறையிலும் குறிப்பிட்ட தடவைதான் எழுத முடியும். மின்சாரம் கொடுக்காமல் வெகுகாலம் வைத்தால் எலெக்ட்ரான்கள் மெல்லக் கசியும்; சூடு கூடினால் கசிவும் கூடும். எழுதி எழுதி ஆயுள் முடியும் நிலைக்கு வந்த எஸ்எஸ்டிக்குத் தொழில்துறைத் தரவிதி கேட்பது, 30 டிகிரி வெப்பத்தில் மின்சாரம் இல்லாமல் ஓராண்டு தாங்க வேண்டும் என்பதை மட்டுமே. பென் டிரைவிலும் இதே வகை நுண்ணறைகள்தான்; நம் சித்திரை வெயிலில் பீரோவுக்குள் கிடக்கும் பென் டிரைவை நம்பி ஒரு குடும்பத்தின் படங்களை விடக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

கெடப்போகும் டிஸ்க் முன்கூட்டியே சொல்லுமா? எல்லா டிஸ்க்கிலும் தன் நலத்தைத் தானே கணிக்கும் 'ஸ்மார்ட்' என்ற ஏற்பாடு உண்டு. கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கெட்டுப்போனவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவை இந்த ஏற்பாட்டில் எந்தப் பிழைக் குறியும் காட்டாமலே கெட்டிருந்தன. எச்சரிக்கை வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவருக்கு எச்சரிக்கை வராமலே போகலாம்.

ஐப்பசி இடி

டெல்டாவில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் இடி மின்னலும் கூடவே வரும். மின்னல் நம் வீட்டின்மேல் விழ வேண்டும் என்பதில்லை. தொலைவில், வயல்வெளியில் செல்லும் மின்கம்பியின் அருகே விழுந்தாலும் போதும். அந்தக் கம்பியில் ஒரு கணம் தோன்றும் மிகை மின்னழுத்தம் பிளக் வரை வந்துவிடும். சுவிட்சை அணைத்தால் போதாது. பல ஆயிரம் வோல்ட்டுக்குச் சுவிட்சின் சிறு இடைவெளி ஒரு தடையே இல்லை. பிளக்கைப் பிடுங்க வேண்டும். இன்டர்நெட் வயர், கேபிள் டிவி வயர் வழியாகவும் அது வரும் என்பதால் அவற்றையும் கழற்ற வேண்டும்.

ஸ்பைக் பஸ்டர் வைத்திருக்கிறோமே என்பவர்கள் எர்த்தைப் பார்க்க வேண்டும். மிகை மின்னழுத்தத்தைத் திருப்பி விடுவதற்கு மண்ணுக்குள் ஒரு வழி வேண்டும். பிளக்கில் மூன்று பின் இருந்தும் எர்த் கம்பி எங்கும் போய்ச் சேராத வீடுகள் உண்டு. எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது. யுபிஎஸ் இருந்தால், கரண்ட் போன பிறகு வேலையைச் சேமித்து முறையாக ஷட் டவுன் செய்யச் சில நிமிடங்கள் கிடைக்கும். அதன் வேலையும் அவ்வளவுதான்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தபோது, தென்னையும் ஓட்டு வீடும் மின்கம்பமும் ஒருசேரச் சாய்ந்தன. மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் காத்திருந்த ஊர்கள் உண்டு. அப்படி ஓர் இரவில் கம்ப்யூட்டரும், அதன் பக்கத்திலேயே மேசையில் இருக்கும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கும் ஒரே கூரையின் கீழ்தான் நனைகின்றன.

இரண்டு நகலின் கணக்கு

ஒரு டிஸ்க் ஓராண்டில் கெட 100இல் 2 வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரே நகல் வைத்திருப்பவருக்கு 50இல் ஒரு பங்கு ஆபத்து. இரண்டு டிஸ்க்கில் வைத்தால், இரண்டும் அதே ஆண்டில் கெட 2,500இல் ஒரு வாய்ப்பு. மூன்றில் வைத்தால் 1,25,000இல் ஒன்று. நகல் ஒன்று கூடும்போது ஆபத்து 50 மடங்கு குறைகிறது.

ஆனால் இந்தக் கணக்கு சரியாக வர ஒரு நிபந்தனை உண்டு: ஒன்று கெடுவதற்கும் மற்றொன்று கெடுவதற்கும் தொடர்பு இருக்கக்கூடாது. ஒரே பிளக் பாயின்டில் மாட்டிய இரண்டு டிஸ்க்கையும் ஒரே மின்னல் எரித்துவிடும். ஒரே பீரோவில் உள்ள மூன்றையும் ஒரே வெள்ளம் கொண்டுபோகும். அப்போது மூன்று நகலும் கணக்குப்படி ஒரு நகல்தான். பேக்கப்பின் மொத்த விஞ்ஞானமும் இந்தத் தொடர்பை அறுப்பதில்தான் இருக்கிறது.

அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ, டிஜிட்டல் படங்களைக் காப்பது பற்றி எழுதியபோது இதை எளிய விதியாக்கினார்: 3-2-1. மொத்தம் மூன்று நகல். இரண்டு வெவ்வேறு வகைப் பொருளில். அவற்றில் ஒன்று வேறு இடத்தில். திருவிடைவாய்ப் பதிகத்தைக் காத்ததும் இதுதான். ஓலைக்கு வந்த கரையான் கல்லுக்கு வரவில்லை.

விதியை மீறினால் என்ன ஆகும் என்பதைத் தென்கொரியா 2025 செப்டம்பரில் கண்டது. டேஜான் நகரின் அரசுத் தரவு மையத்தில் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தம் அலுவலகக் கோப்புகளை வைத்திருந்த சேமிப்பகம் ஒன்று, 858 டெராபைட், எரிந்து போனது. அளவு மிகப் பெரிது என்பதால் அதற்கு வெளியில் நகல் இல்லை.

பேக்கப் என்று நாம் நினைப்பவை

கம்ப்யூட்டரிலேயே இன்னொரு டிரைவில் காப்பி செய்து வைப்பது பேக்கப் ஆகாது. சி டிரைவும் டி டிரைவும் பல வீடுகளில் ஒரே டிஸ்க்கின் இரண்டு பகுதிகள்.

படங்களை எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டுக் கம்ப்யூட்டரில் அழித்துவிடுவதும் பேக்கப் ஆகாது. அங்கேயும் இருப்பது ஒரே நகல்.

கூகுள் டிரைவ் போன்றவை உதவும். ஆனால் அவற்றில் நடப்பது பெரும்பாலும் ஒத்திசைவு. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத் தொட்டியில் குறிப்பிட்ட நாள்வரை கிடக்கும், பிறகு போய்விடும். இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. அது கல்யாண வீடியோவுக்குப் போதாது, பத்திரங்களுக்கும் தேர்ந்தெடுத்த படங்களுக்கும் தாராளமாகப் போதும்.

எப்போதும் மாட்டியே இருக்கும் டிஸ்க்கும் முழுப் பாதுகாப்பு தராது. 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்ற பணயத் தீநிரல் சுமார் 150 நாடுகளில் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் இந்த வகை நிரல்கள், கம்ப்யூட்டரோடு இணைந்திருக்கும் டிஸ்க்குகளையும் சேர்த்தே பூட்டிவிடும். விதைநெல்லைச் சாப்பாட்டு நெல்லோடு கலந்து வைக்கும் விவசாயி கிடையாது. பேக்கப் டிஸ்க்கும் அப்படித் தனியே, வேலை முடிந்ததும் கழற்றி வைக்கப்பட வேண்டும்.

கடைசியாக, திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பக்கூடாது. 1998இல் பிக்ஸார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் கோப்புகள் தவறான கட்டளையால் அழியத் தொடங்கின. பேக்கப்பை எடுத்துப் பார்த்தால் அது சரியாக வேலை செய்யவில்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த நகல்தான் படத்தைக் காப்பாற்றியது.

படுத்துவிட்டால்

கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை என்றால் தகவல் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பவர் சப்ளை போயிருக்கலாம். ஈரக்காற்றில் ரேமின் தொடுமுனை மங்கியிருக்கலாம். மெக்கானிக் அதைக் கழற்றி ரப்பரால் துடைத்து மாட்டினால் ஓடிவிடும். விண்டோஸ் மட்டும் கெட்டிருக்கலாம். இந்த மூன்றிலும் டிஸ்க்கில் உள்ளவை அப்படியே இருக்கும். 'ஃபார்மேட் அடித்துவிடலாமா' என்று கேட்கும்போது உடனே தலையாட்டாதீர்கள். முதலில் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, வேண்டியதை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

டிஸ்க்கிலிருந்து சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை ஓட விடும்போதும் உரசல் கூடும். நனைந்த கம்ப்யூட்டரை உடனே ஆன் செய்து பார்க்கக் கூடாது. தவறுதலாக எதையாவது அழித்துவிட்டால் அந்தக் கம்ப்யூட்டரில் மேற்கொண்டு எதையும் எழுதக் கூடாது. ஹார்ட் டிஸ்க்கில் அழித்த கோப்பு, அதன் இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை உள்ளேதான் இருக்கும். எஸ்எஸ்டி அப்படியில்லை. அழித்த இடத்தை அது தானே துடைத்துவிடுவதால் மீட்பது மிகக் கடினம். பழைய அனுபவத்தை வைத்து, எப்படியும் மீட்டுவிடலாம் என்று இருப்பவர்கள் இதை மனதில் கொள்ள வேண்டும்.

விண்டோஸ் 11 உள்ள பல லேப்டாப்புகளில் டிஸ்க் முழுவதும் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். அதைத் திறக்க 48 இலக்க மீட்பு எண் வேண்டும். அதைக் காகிதத்தில் எழுதிப் பத்திரங்களோடு வையுங்கள்.

ஆயுத பூஜைக்கு ஒரு வேலை

இவ்வளவையும் ஒரு பழக்கமாக்கினால்தான் பயன். அதற்கு நம்மிடம் ஒரு நாள் ஏற்கெனவே இருக்கிறது. நன்னிலம் வட்டத்தில், பூந்தோட்டத்துக்குப் பக்கத்தில் கூத்தனூர் இருக்கிறது; தமிழ்நாட்டில் சரஸ்வதிக்கென்றே உள்ள கோயில். சரஸ்வதி பூஜையன்று அங்கே பிள்ளைகள் நோட்டும் பேனாவும் வைத்து வணங்குகிறார்கள். அதே நாளில் வீட்டிலும் கடையிலும் கம்ப்யூட்டரைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். அந்த நாள் வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால் வருகிறது. இடி தொடங்குவதற்குள் நகல் எடுத்துவிடச் சரியான தருணம் அது.

அன்று மூன்று வேலைகள். எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இந்த ஆண்டுக்கான நகலை எடுங்கள். சென்ற ஆண்டு நகலிலிருந்து பத்துப் படங்களையாவது திறந்து பாருங்கள். திரும்பக் கிடைக்காத சிலவற்றை இணையச் சேமிப்பகத்தில் ஏற்றுங்கள். தீபாவளிக்கு ஊருக்கு வரும் அண்ணனிடமோ அக்காவிடமோ இன்னொரு டிஸ்க்கைக் கொடுத்து, திருச்சியிலோ சென்னையிலோ அவர்கள் வீட்டில் வைத்திருக்கச் சொல்லுங்கள். ஐந்தாறு ஆண்டு ஆன டிஸ்க்கை, நன்றாக ஓடினாலும், புதியதுக்கு மாற்றுங்கள். மாதாமாதம் மாறும் கணக்கு வைத்திருக்கும் கடைக்காரர்கள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நகல் எடுக்க வேண்டும்.

சுவடி எழுதியவர்களுக்கு ஒரு நூலைப் படியெடுக்க மாதக்கணக்கில் ஆனது. நமக்கு ஒரு மாலை போதும்.