குளிர்நாட்டில் ஒரு பசுஞ்சோலை

குளிர்க்காற்று வீசும் நாட்டில் வெப்பநாட்டுச் சோலைபோல் ஒரு தோட்டம் அமையுமா என்று நாம் ஐயுறலாம். ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரையிலுள்ள இன்வரியூ தோட்டம் அதற்கு விடையளிக்கிறது.

மரமற்ற பாறை நிலத்தில் 1862-இல் ஆஸ்குட் மெக்கன்சி இதைத் தொடங்கினார். முதலில் அவர் நட்டவை அழகுச் செடிகள் அல்ல. உப்புக்காற்றைத் தடுக்கும் பைன் மரங்களே. கூடைகளில் மண் சுமந்து வரச் செய்து பாறையின்மேல் நிரப்பினார். மரங்கள் அரணாக வளரும்வரை பல ஆண்டுகள் பொறுத்திருந்தார். அட்லாண்டிக் கடலின் வெப்ப நீரோட்டமும் குளிரைத் தணித்தது. இன்று அங்கே ஆஸ்திரேலியத் தைல மரங்களும் மரப்பெரணிகளும் தழைத்து நிற்கின்றன.

நம் கொல்லைப்புறத்தைச் சீரமைக்கும்போதும் இவ்வரிசையையே பின்பற்றுவோம். முதலில் காற்று வரும் திசையை அறிவோம். அடுத்து வேலியும் மண்ணும். மென்மையான செடிகளைக் கடைசியில் நடுவோம்.