தகடு சிக்கினால் தவிக்க வேண்டாம்!

பேரேடும் குறிப்பேடும் மர அலமாரியில் இருந்த காலத்தில், பழைய கணக்கு வேண்டுமென்றால் எடுத்துத் தூசி தட்டினால் போதும். கல்லாப்பெட்டிக்கு அருகே கம்ப்யூட்டர் வந்து அமர்ந்த பிறகு, ஆண்டு முடிந்ததும் கணக்கைச் சி.டி.யில் பதித்து, உறையிலிட்டு, பீரோவில் வைப்பது நம்மில் பலருக்கு வழக்கமாயிற்று. 2007 ஜனவரி 1-ல் மதிப்புக் கூட்டு வரி வந்தது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. அந்தக் காலத்துத் தகடுகள் பல இன்னும் பீரோவில்தான் இருக்கின்றன.

இப்போது விற்பனைக்கு வரும் லேப்டாப்களில் பெரும்பாலானவற்றுக்குச் சி.டி. போடும் டிரைவே கிடையாது. ஆகவே பழைய கணக்கு தேவைப்படும் நாளில், பரணில் கிடக்கும் பழைய லேப்டாப்பை இறக்கித் தகட்டைப் போடுகிறோம். பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்த டிரைவ் அதை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தர மறுக்கிறது. கடைப் பையன் கத்தியை எடுத்து நெம்பப் போகிறான். அங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். டிரைவ் கெட்டால் வேறு வாங்கலாம். கணக்கு அழிந்தால் எந்தக் கடையில் வாங்குவது?

ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ம் பிரிவு, ஓர் ஆண்டின் கணக்குகளை அந்த ஆண்டுக்கான வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்கச் சொல்கிறது. 2022-23-ம் ஆண்டுக் கணக்குக்கு அந்தக் கடைசித் தேதி 31.12.2023. ஆகவே 2029 டிசம்பர் முடிய அது நம் கையில் இருக்க வேண்டும். மேல்முறையீடு நடந்தால் இந்தக் காலம் இன்னும் நீளும். பாகப்பிரிவினை, பற்று வரவுத் தகராறு என்று வரும்போது அதற்கும் முந்தைய கணக்குகூடத் தேவைப்படும்.

ஏன் சிக்குகிறது?

லேப்டாப் டிரைவின் தட்டை வெளியே தள்ள மோட்டார் கிடையாது. உள்ளே ஒரு சிறு கொக்கி தட்டைப் பிடித்திருக்கிறது. பொத்தானை அழுத்தினால் மின்சாரம் கொக்கியை விடுவிக்கும். ஸ்பிரிங் தட்டைச் சிறிது முன்னே தள்ளும். மீதியை நாம் இழுத்துக்கொள்ள வேண்டும். மின்சாரம் சரியாகச் செல்லாவிட்டாலும், கொக்கி இறுகிவிட்டாலும் தட்டு வராது.

இன்னொரு காரணம் நம் கையில் இருக்கிறது. தட்டின் நடுவிலுள்ள குமிழில் தகடு 'டக்' என்று அமர வேண்டும். அப்படி அமராமல் மூடிவிட்டால், தகடு மேலெழும்பி டிரைவின் மேல் மூடியில் உரசி மாட்டிக்கொள்ளும். தகட்டின் மேல் ஒட்டும் காகித லேபிளும் ஆபத்தானது. வெப்பத்தில் பசை இளகி, ஓரம் கிளம்பி, உள்ளே சுருண்டுவிடும். சி.டி.யின் கனம் 1.2 மி.மீ. மட்டுமே. டிரைவுக்குள் அதற்கு மேலும் கீழும் உள்ள இடைவெளி மிகக் குறைவு.

ஆடிக் காற்றில் தேரி மணல் பறக்கும் ஊர் நம்முடையது. தூத்துக்குடிப் பக்கம் கிட்டங்கி வைத்திருப்போருக்கு உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். லேப்டாப்பைத் துணியுறை போட்டு வைக்காதவர்களின் டிரைவுக்குள் தூசி நுழைவதில் வியப்பில்லை.

படிப்படியாகச் செய்ய வேண்டியவை

1. தகடு சுழலும் ஓசை கேட்டால் காத்திருங்கள். அதைப் பயன்படுத்தும் புரோகிராம்கள் அனைத்தையும் மூடுங்கள். திரையில் டிரைவின் படத்தின் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, 'எஜெக்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

2. அதற்கும் வராவிட்டால் சார்ஜரை இணைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியில் ஓடும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்த டிரைவை நிறுத்திவைக்கும் லேப்டாப்களும் உண்டு. பிறகு லேப்டாப்பை முழுமையாக அணைத்து மீண்டும் போடுங்கள். விண்டோஸ் வருவதற்கு முன்பே டிரைவின் பொத்தானை அழுத்துங்கள்.

3. அடுத்தது அவசர வழி. லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றுங்கள். தகடு சுழலும்போது இதைச் செய்யவே கூடாது. தட்டின் முகப்பில் ஊசித் துளை போன்ற ஒரு சிறு துளை இருக்கும். ஒரு ஜெம் கிளிப்பை நிமிர்த்தி, வளையாமல் நேராக உள்ளே செலுத்துங்கள். தடை தட்டுப்படும் இடத்தில் மெதுவாக அழுத்தினால் கொக்கி விடுபட்டுத் தட்டு சற்று முன்னே வரும். விரலால் நேராக இழுங்கள். குண்டூசி வேண்டாம்; அது வளைந்துவிடும்.

4. தட்டு சிறிது வந்து மேலே வராமல் நின்றால், தகடு மேல் மூடியில் மாட்டியிருக்கிறது என்று பொருள். ஒரு விசிட்டிங் கார்டைத் தகட்டுக்கும் மூடிக்கும் இடையே நுழைத்து, தகட்டை லேசாகக் கீழே அமுக்கியபடி தட்டை இழுங்கள். கத்தியும் ஸ்குரூ டிரைவரும் இங்கே எதிரிகள். சி.டி.யில் பதிவு இருப்பது பளபளக்கும் அடிப்பக்கத்தில் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது பெயர் எழுதும் மேல்பக்கத்தின் மெல்லிய பூச்சுக்கு அடியில்தான் இருக்கிறது. மேல்பக்கம் கீறினால் பதிவே போய்விடும்.

தட்டே இல்லாமல், ஒரு கோடு போன்ற வாயில் தகட்டை விழுங்கும் வகையும் உண்டு. பழைய ஆப்பிள் லேப்டாப்கள் பல இந்த வகை. இவற்றில் அந்தச் சிறு துளை இருக்காது. ஆப்பிள் லேப்டாப்பாக இருந்தால், அணைத்து மீண்டும் போடும்போது மவுஸ் பொத்தானை அழுத்திப் பிடித்திருங்கள். தகடு வெளியே வரக்கூடும். வாயில் எதையும் விட்டுக் குத்தக் கூடாது.

மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது

இத்தனைக்கும் அசையாவிட்டால் மெக்கானிக்கிடம் செல்வதே நல்லது. பல மாடல்களில் அடிப்பக்கத்து ஒரு திருகைக் கழற்றினால் டிரைவ் முழுதாக வெளியே வந்துவிடும். அதன் மேல் மூடியைத் திறந்து தகட்டை எடுத்துவிடலாம். "டிரைவ் போனாலும் பரவாயில்லை, தகடு முழுசாக வேண்டும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர் டிரைவைக் காப்பாற்றத்தான் பார்ப்பார். தகட்டில் இருப்பது கொள்முதல் விலையும் வாடிக்கையாளர் பாக்கியும். ஆகவே வேலை முடியும்வரை உடனிருந்து, தகட்டைக் கையோடு வாங்கி வாருங்கள்.

வெளியே வந்த பிறகு

சிக்கிய டிரைவில் அதே தகட்டை மீண்டும் போட்டுப் பார்க்கும் ஆசை வேண்டாம். லேபிள் கிளம்பியிருந்தாலோ, விரிசல் தெரிந்தாலோ எந்த டிரைவிலும் போடக் கூடாது. அதிவேகத்தில் சுழலும்போது உடைந்து சிதறலாம். நல்ல நிலையில் இருந்தால், மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள். யு.எஸ்.பி.யில் இணைக்கும் வெளி டிரைவ் தனியாகக் கிடைக்கிறது. அதில் போட்டு, கணக்கு முழுவதையும் புதிய கம்ப்யூட்டருக்கும் ஒரு தனி ஹார்டு டிஸ்குக்கும் நகல் எடுங்கள். ஒரு நகல் கடையிலும் மற்றொன்று வீட்டிலும் இருக்கட்டும். தீயோ திருட்டோ இரண்டு இடத்தில் ஒரே நாளில் வருவது அரிது.

நகல் எடுத்ததோடு நிறுத்தாமல் திறந்தும் பாருங்கள். பழைய டாலியில் எழுதிய கணக்கைப் புதிய டாலியில் பார்க்க, முதலில் அதை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். அதைத் தெரிந்த கணக்கர் அருகில் இருக்கும்போதே முடித்துவிடுவது புத்திசாலித்தனம்.

எழுதுவகைச் சி.டி.யில் பதிவைத் தாங்குவது ஒரு சாயப் பூச்சு. வெயிலிலும் வெப்பத்திலும் அது மங்கும். தகரக் கூரையின் கீழே பல கோடைகளைக் கண்ட தகடு இன்னும் எத்தனை நாள் படிக்கக் கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதிகாரி கேட்கும் நாளில் தேடுவதைவிட, வியாபாரம் மந்தமான ஒரு பிற்பகலில் பீரோவைத் திறந்து எல்லாத் தகடுகளையும் ஒரே மூச்சில் நகலெடுத்துவிடுங்கள். சரக்கிருப்பைப் போலக் கணக்கிருப்பையும் சரிபார்ப்பவரே நிம்மதியாகத் தூங்கும் வியாபாரி.