அடுப்பில் பிறக்கும் தண்ணீர்

உணவகங்களுக்கு வரும் நீலநிற சிலிண்டரில் 19 கிலோ எரிவாயு இருக்கிறது. அது முழுக்க எரிந்து தீரும்போது ஏறத்தாழ 30 லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நம்பக் கடினமாக இருந்தாலும் பள்ளிக்கூட வேதியியல்தான். எரிவாயுவில் இருப்பவை புரொப்பேனும் பியூட்டேனும். எரியும்போது அவற்றிலுள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு கூடி நீராகிறது. ஒரு கிலோ வாயுவுக்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். ஆவியாகவே வெளியேறுவதால் யார் கண்ணிலும் படுவதில்லை. இட்லிக் கொப்பரையும் சாம்பார் அண்டாவும் விடும் ஆவி இதற்கு மேல் தனிக்கணக்கு.

இந்த ஆவியெல்லாம் எங்கே போகிறது? குரோம்பேட்டை முதல் பெருங்களத்தூர் வரை ஜி.எஸ்.டி. சாலையோர உணவகங்களைக் கவனித்தால், பலவும் ஒடுங்கிய, நீளமான கட்டடங்கள். முன்னால் ஏ.சி. ஹால், பின்கட்டில் அடுப்படி. ஏ.சி.யின் வெளிப்பெட்டியைப் பல இடங்களில் அடுப்படி ஜன்னல் திறக்கும் அதே சந்தில்தான் மாட்டியிருப்பார்கள். சாப்பிட வந்தவர்களிடமிருந்து எடுத்த சூட்டை அது தோசை மாஸ்டரின் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும்.

அங்கே எத்தனை டிகிரி என்று கேட்பது பாதிக் கேள்விதான். மனித உடம்பு வியர்ப்பதால் குளிர்வதில்லை, வியர்வை உலர்வதால் குளிர்கிறது. ஒரு லிட்டர் வியர்வை உலர்ந்தால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் உடம்பைவிட்டுப் போகும். உலராமல் சொட்டினால் தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம். சித்திரை வெயிலில் சில்லென்றிருக்கும் மண்பானைத் தண்ணீர் ஐப்பசி மழையில் அப்படி இருப்பதில்லையே, அதே கணக்குதான். காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருந்தால் பானையும் குளிராது, மாஸ்டரும் குளிர மாட்டார். பிற்பகலில் கடற்காற்று கரையிலிருந்து தாமதமாகத் தாம்பரம் வந்து சேரும்போது தெருவில் நிற்பவருக்கு இதமாக இருக்கிறது. அதுவும் ஈரத்தைச் சுமந்துதான் வருகிறது.

1950களில் அமெரிக்கப் படைப் பயிற்சி முகாம்களில் இளைஞர்கள் வெப்பத்தில் சுருண்டு விழுந்தபோது சூட்டையும் ஈரத்தையும் சேர்த்து அளக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஈரத் துணி சுற்றிய வெப்பமானி ஒன்று, கறுப்புக் கோளத்துக்குள் வைத்த வெப்பமானி இன்னொன்று. கட்டடத்துக்குள் கணக்கிடும்போது ஈர வெப்பமானிக்கு 70 பங்கு, கோளத்துக்கு 30 பங்கு. கோளம் காட்டுவது தோசைக்கல்லிலிருந்து நெஞ்சில் நேராக அடிக்கும் அனலை. ஈரத் துணி காட்டுவது வியர்வை உலர வழியிருக்கிறதா என்பதை. மீனம்பாக்கம் வானிலை நிலையத்தில் நிழற்கூண்டுக்குள் இருக்கும் வெப்பமானிக்கு இந்த இரண்டும் தெரியாது. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது நல்ல முடிவு. ஆனால் வெளியே மழை பெய்யும் நாளிலும் அடுப்படிக்குள் வெப்ப அலை வீசும்.

அந்நேரம் உடம்புக்குள் நடப்பது வியப்பானது. ஓய்வாக இருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தத்தை இறைக்கிறது. தோலுக்குப் போவது அதில் சிறு பங்குதான். கடும் வெப்பத்தில் தோலுக்கு மட்டுமே 6 முதல் 8 லிட்டர் வரை போகக்கூடும். அதற்காக இதயம் விரைகிறது. குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் ரத்தம் சுருங்குகிறது. பரோட்டா மாஸ்டர் மாவு அடித்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய சிறுநீரகம் பட்டினி கிடக்கிறது.

“பழகிடுச்சு சார்” என்பார்கள். பொய்யில்லை. பத்துப் பதினான்கு நாளில் உடம்பு வெப்பத்துக்குப் பழகும்: வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதிகமாகச் சுரக்கும். ஆகவே பழகிய உடம்புக்குத் தண்ணீர் கூடுதலாகத் தேவை. ஆனால் மதியம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணிவரை யாருக்கும் தண்ணீர் குடிக்க நேரமில்லை. கழிப்பறை வசதி சரியில்லாத இடங்களில் பெண்கள் குடிப்பதையே தவிர்க்கிறார்கள். நீர்க்கடுப்பும் கல்லடைப்பும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் பேராசிரியர் வித்யா வேணுகோபாலின் குழு தமிழகத்தின் வேலையிடங்களில் வெப்பத்தின் பாதிப்பைப் பல ஆண்டுகளாக அளந்துவருகிறது. உப்பளத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் பாதுகாப்பான வெப்ப வரம்பைத் தாண்டி உழைக்கிறார்கள் என்பதை அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தமிழகத்தின் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து 2024இல் வெளியான ஆய்வு என்னை உலுக்கியது: வெப்பமான சூழலில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறத்தல் ஆகியவற்றின் அபாயம் இருமடங்கு. மெஸ் அடுப்புகளின் முன்னாலும் நடைபாதை இட்லிக் கடைகளிலும் நிற்கும் பெண்களுக்கு இது தெரிந்தாக வேண்டும்.

புகை வேறு. எண்ணெய் அளவுமீறிச் சூடானால் அக்ரோலின் பிறக்கிறது. கண்ணையும் தொண்டையையும் எரிப்பது அதுதான். அதிவெப்பத்தில் பொரிக்கும்போது எழும் புகையைப் புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை 2010இல் ‘அநேகமாகப் புற்றுநோய் விளைவிப்பது’ என்ற பிரிவில் வைத்தது. புகையை வெளியேற்றக் காற்று ஓட வேண்டும் என்பது தாம்பரத்துக்குப் புதிய பாடமல்ல. டாக்டர் சவுரிமுத்து 1928இல் இங்கே சானடோரியம் தொடங்கியபோது காசநோய்க்கு மாத்திரை கிடையாது. திறந்தவெளியும் ஓடும் காற்றும் நல்ல உணவும்தான் சிகிச்சை. ரயில் நிலையத்தின் பெயரிலேயே சானடோரியம் நிற்கும் ஊரில், எக்ஸாஸ்ட் ஃபேன் சுற்றியும் காற்று நகராத அடுப்படிகள் எத்தனை!

சப்ளையர்களுக்குக் கால்தான் முதல் பலி. நடக்கும்போது கெண்டைச்சதை சுருங்கிச் சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளும். கல்லா ஓரத்தில் அசையாமல் நின்றால் ரத்தம் கீழேயே தேங்கி நரம்பு சுருட்டிக்கொள்ளும். கனடாவின் ஒன்டாரியோவில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பன்னிரண்டு ஆண்டுகள் கவனித்ததில், பெரும்பாலும் நின்றே வேலை செய்தவர்களுக்கு உட்கார்ந்து செய்தவர்களைவிட இதயநோய் அபாயம் ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. 2021இல் தமிழகம் கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தருவதைச் சட்டமாக்கியது. ஜவுளிக்கடைகளில் சில ஸ்டூல்களைப் பார்க்கிறேன். உணவக ஹால்களில் பார்த்ததில்லை. பாத்திரம் கழுவுகிறவர்களின் சேற்றுப்புண்ணையும் நகச்சுற்றையும் நோயாகவே யாரும் எண்ணுவதில்லை. கையுறையும் உலர்ந்த செருப்பும் போதும்.

காற்றுக்கும் பெரிய செலவில்லை. எக்ஸாஸ்ட் ஃபேன் எவ்வளவு காற்றை வெளியே தள்ளுகிறதோ அவ்வளவு காற்று வேறு வழியாக உள்ளே வர வேண்டும். வராவிட்டால் ஃபேன் சும்மா சுற்றும். ஃபேன் ஓடும்போது அடுப்படியின் மூடிய கதவு உள்பக்கமாக இழுபட்டால் காற்று போதவில்லை என்று அர்த்தம். எதிர்ச்சுவரில் தாழ்வாக ஒரு திறப்பு வைத்து, ஏ.சி. வெளிப்பெட்டியை மொட்டைமாடிக்கு ஏற்றினாலே நிலைமை மாறும். அடுத்தது ஓய்வு. நிகராகுவாவின் கரும்புத் தோட்டங்களில் நிழலும் ஓய்வும் தண்ணீரும் கூட்டியபோது தொழிலாளர்களின் சிறுநீரகப் பாதிப்பு குறைந்ததை ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். நம் உணவகங்களில் மூன்றரையிலிருந்து ஐந்து மணிவரை ஏ.சி. ஹால் காலியாகத்தான் கிடக்கிறது. சரக்கு மாஸ்டரும் கிளீனரும் ஆளுக்கு இருபது நிமிடம், உப்புப் போட்ட மோரோடு, அங்கே உட்காரலாம்.